பிலாரிடம் சொன்ன குறைகள்

நான் ஸ்பெயினுக்குப் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. இருந்தாலும் இதை வெளிநாட்டுப் பயணக் கட்டுரை என்றுதான் சொல்வேன். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், தினமும் ரயிலில் தூங்கி வழிந்துகொண்டே கடக்கிற அதே வழியில், ஒரு வாரம் நான் அந்நிய நாட்டுக்காரியாக அலைந்தேன். என் பெண் கயல்விழியும் அவளுடைய மாமியார் பிலாரும் ஸ்பானிஷில் பேசிக்கொண்டே முன்னால் போவார்கள். நான் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பாவம், இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அதுவும் குறை சொல்கிற வார்த்தைகள் மட்டும்.

கயல் மேல்படிப்புக்கென்று வலென்சியா போனவள். அங்கேயே வேலை தேடிக்கொண்டாள், அங்கேயே ஆந்த்ரேஸ் என்ற பையனைக் கல்யாணமும் செய்துகொண்டாள். அவள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் தாம்தூம் என்று குதித்திருப்பார். நான் குதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கூப்பிடுவாள். வேலை எப்படி என்றால் நல்லா இருக்கு. மாப்பிள்ளை எப்படி என்றால் நல்லா இருக்கார். குளிர் பழகிவிட்டதாம், சாப்பாடு பழகிவிட்டதாம். "நீ மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்தவள் போனை அணைக்க மறந்துவிட்டாள். அந்தப் பக்கம் அவள் வேறு யாரிடமோ ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தாள். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ராகம் விளங்கியது. நான் வேலை பார்ப்பது விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில். திங்கட்கிழமைகளில் ஜனங்களிடம் மனு வாங்கும் மேசை என்னுடையது. பட்டா மாறவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டித் தள்ளிவிட்டான் என்று காது புளிக்கக் கேட்டவள். குறை சொல்கிறவர்களுக்கு மூச்சு எங்கே நிற்கும், குரல் எங்கே உடையும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் பெண் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே இன்னொரு பொம்பளைக் குரல் பொறுமையாக ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தது. முன்னே போனில் கேட்ட குரல்தான், அது பிலார்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பெண் கஷ்டப்படுகிறாளே என்ற எரிச்சல் கொஞ்சம், அதைப் போய் அந்தப் பொம்பளையிடம் சொல்கிறாளே என்ற எரிச்சல் நிறைய. எங்கள் பக்கத்தில் நல்ல சேதியை ரோட்டில் போகிறவனிடம்கூடச் சொல்வோம். குறையைச் சொல்ல மட்டும் உரிமைப்பட்ட ஆள் வேண்டும். எனக்கு ‘நல்லா இருக்கேன்’, அவளுக்கு மற்றதெல்லாமா? அன்றைக்கே முடிவு செய்தேன். என் பெண்ணுக்கு என்ன குறை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் சொல்ல மாட்டாள். அதனால் நான்தான் அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

போனில் ஸ்பானிஷ் பாடம் ஒன்றை இறக்கினேன். வணக்கம், நலமா, என் பெயர் இன்னது என்று ஆரம்பித்தது. எனக்கு அதெல்லாம் வேண்டாம். தள்ளிக்கொண்டே போய் ‘அதிருப்தியைத் தெரிவித்தல்’ என்ற பாடத்தில் நின்றேன். நோ மே குஸ்தா, எனக்குப் பிடிக்கவில்லை. எஸ்தோய் ஆர்தா, எனக்கு வெறுத்துவிட்டது. நோ புவேதோ மாஸ், இனிமேல் என்னால் முடியாது. எஸ்தோ நோ புவேதே செர், இதென்ன அக்கிரமம். அடுத்த பக்கத்தில் பொறாமைக்கும் வார்த்தை இருந்தது. அது நமக்கெதற்கு என்று தாண்டிவிட்டேன்.

காலை பாசஞ்சரில் பெண்கள் பெட்டிதான் என் பள்ளிக்கூடம். மயிலத்தில் ஆரம்பித்தால் முண்டியம்பாக்கம் வருவதற்குள் பத்து முறை ‘எஸ்தோய் ஆர்தா’ சொல்லிவிடலாம். ஜவுளிக்கடையில் வேலை செய்யும் லதா எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டு வருவாள். நான் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்து, "யாரக்கா காத்தாலயே திட்டிக்கினு வர்றீங்க? ஆபீஸரயா?" என்றாள். சம்பந்தியம்மாவை என்றேன். ஒரு பெட்டியே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஸ்பானிஷில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பேரணி ஸ்டேஷனில் ஏறும் ஒரு டீச்சர் தினமும் விசாரித்தார்.

இந்த லட்சணத்தில்தான் கயல் போன் செய்து, ஊருக்கு வருகிறேன், பிலாரும் கூட வருகிறார் என்றாள். ஆந்த்ரேஸ்? அவனுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

முதல் நாள், திண்டிவனத்தில் என் வீடு. பிலார் என்னைவிட உயரம், என்னைவிட வயசு, என்னைவிட நிமிர்ந்த நடை. வாசலிலேயே இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். காலையில் இட்லிக்கு மல்லாட்டைச் சட்னியை, வேர்க்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், வழித்து வழித்துச் சாப்பிட்டாள், அதில் எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது. மத்தியானம் கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். பிலார் ஒரு வாய் வைத்தாள். தட்டைத் தள்ளினாள். சிரித்த முகம் மாறாமல், "நோ மே குஸ்தா" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. நம் வீட்டு விருந்தாளி அப்படிச் சொல்வாரா? ‘ரொம்ப நல்லா இருக்கு, வயிற்றில்தான் இடமில்லை’ என்று சொல்லி, பாதியை இலையில் மூடிவைப்பார். ஆனால் அதைவிடப் பெரிய இடி பக்கத்தில் இறங்கியது. கயல் தன் தட்டைப் பார்த்தாள். "ஆ மீ தம்போகோ" என்றாள். எனக்கும்தான் பிடிக்காது என்று அர்த்தம். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து என் கையால் களி உருட்டித் தின்ற பெண். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. நான் எதுவும் புரியாதவள் மாதிரி வாயில் இருந்ததை மென்றுகொண்டே இருந்தேன். 

சாயங்காலம் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது பிலார் பின்னால் வந்து நின்று, என் கூந்தலைக் கையில் தூக்கிப் பார்த்து, "கே எம்பிதியா" என்றாள். கயல் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள், எனக்குப் பொறாமையா இருக்குன்னு சொல்றாங்கம்மா என்று. அவர்கள் ஊரில் இதைப் பாராட்டாகச் சொல்வார்களாம். யாராவது ஊருக்குப் போனால், புதுச் செருப்பு வாங்கினால், முகத்துக்கு நேராக ‘பொறாமையா இருக்கு’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்களாம். நானானால் அவள்மேல் மாதக்கணக்கில் பொறாமைப்பட்டுக்கொண்டு, அவளுக்கு இட்லி அவித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் அறைக்குள் போனதும் உப்பும் மிளகாயும் எடுத்து எனக்கு நானே சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் கொஞ்சம்கூட நெடி அடிக்கவில்லை. நிறைய கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் குயிலாப்பாளையம். பிலாருக்கு ஆரோவில் பக்கம் பார்க்க வேண்டும், வெளிநாட்டு ரொட்டி தின்ன வேண்டும். போகிற வழியில் ஆட்டோ இரண்டு முறை பஞ்சர். இரண்டாவது முறை ஸ்டெப்னியும் இல்லை. ஓட்டுநர் அதை எங்கள் ராசி என்பது போலப் பார்த்தார். முந்திரித் தோப்பு ஓரமாக வெயிலில் நடந்தோம். கயலுக்கு வியர்த்துக் கொட்டியது. பிலார் தன் கைக்குட்டையை நனைத்து அவள் பின்கழுத்தில் வைத்து, முடியைத் தூக்கிக் கட்டிவிட்டாள். என் பெண் சின்னப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தாள். என்னிடமும் கைக்குட்டை இருந்தது. பாட்டில் தண்ணீரும் என் கையில்தான் இருந்தது, பிலார் என்னிடம் வாங்கித்தான் நனைத்தாள்.

ரோட்டோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த பெண்மணி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் இருவருக்கும் முதலில் வெட்டிக் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அம்மாவும் பொண்ணும் எம்மாம் ஒத்துமையா கீறாங்க. நீங்க எந்த கெஸ்ட் அவுஸ்ல வேலை செய்றீங்க?" என்றாள்.

அந்த ஊரில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள் வீடுகளிலும் விடுதிகளிலும் வேலை செய்கிறவர்கள். அவள் கேட்டதில் தப்பில்லை. கையில் பாட்டில், தோளில் பை, இரண்டடி பின்னால் நிற்கிறேன். என் பெண்ணோ ஜீன்ஸும் கறுப்புக் கண்ணாடியும். இளநீர்க்காரிக்கு என்னைப் பார்த்து வேறென்ன தோன்றும்? "இப்பதான் புதுசா சேர்ந்திருக்கேன்" என்றேன். "நல்ல மாதிரியா?" என்றாள். குறையொன்றும் இல்லை என்றேன். அந்த இளநீர் கழுநீர் மாதிரி இருந்தது.

அன்று முழுக்க நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிலார் எல்லாவற்றையும் குறை சொன்னாள். காப்பி ஆறியிருக்கிறது, நாற்காலி ஆடுகிறது, வெயில் அக்கிரமம். ஒவ்வொன்றையும் யார் காரணமோ அவர்களிடமே சொன்னாள், மறு நிமிஷம் மறந்தாள். எங்கள் பழக்கம் அதற்கு நேர் தலைகீழ். நாங்கள் யாரையும் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டோம். மருமகள்மேல் கோபமென்றால் மாமியார் பூனையைத் திட்டுவாள். தம்பிமேல் வருத்தமென்றால் அவன் காதில் விழுகிற மாதிரி ஆட்டுக்குட்டியிடம் புலம்புவோம். சம்பந்தப்பட்டவருக்குப் புரிந்துவிடும், ஆனால் ‘உன்னை ஒன்றும் சொல்லவில்லையே’ என்று கழன்றுகொள்ளவும் முடியும். சாடை பேசுவது என்போம். நான் மேசையில் வாங்குகிற மனுக்களில் பாதி, வீட்டில் சாடை பேசித் தீராமல் வந்தவைதான்.

களிக்குப் பிறகு கயல் மட்டும் ஒரு குறையும் சொல்லவில்லை. என் காதில் படும்படி ஸ்பானிஷில்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. புதன்கிழமை இவளைத் திருவாமாத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன்.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவாமாத்தூர். அபிராமேஸ்வரர் கோயில். அங்கே வட்டப்பாறை என்று ஒரு சன்னதி உண்டு. அந்தப் பாறைக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பங்காளித் தகராறு, நகை காணாமல் போனது, எல்லாவற்றுக்கும் அங்கே கூட்டிப்போய் நிறுத்துவார்கள். பிலாருக்குப் பழைய சிற்பம் காட்டலாம் என்று கயலிடம் சொன்னேன். என் திட்டம் எனக்கு.

ரயிலை விட்டுவிட்டோம், பிலார் குளித்து முடிக்கவில்லை. திண்டிவனத்தில் திருச்சி போகிற பஸ் ஒன்றில் ஏறினோம். இந்த மாதிரி பஸ்கள் விழுப்புரம் ஊருக்குள் போகாது, பைபாஸில் இறக்கிவிட்டுப் பறந்துவிடும். ஏறும்போது உள்ளே போகும் என்பார்கள், விக்கிரவாண்டி தாண்டினதும் பேச்சு மாறும். அப்படியே ஆயிற்று. நடத்துநர், எல்லாரும் பைபாஸ்ல ஜல்தியா இறங்கணும் என்று குரல் கொடுத்தார். மூட்டை முடிச்சுகளோடு ஒரு கூட்டம் முனகிக்கொண்டே எழுந்தது. நானும் எழுந்தேன். வருஷக்கணக்காக எழுந்து பழக்கம். கயல் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், பிலார் நடுவழியில் நின்றுகொண்டு, "எஸ்தோ நோ புவேதே செர்" என்று ஆரம்பித்தாள். கத்தவில்லை. நிறுத்தி நிதானமாக, விரலை ஆட்டி ஆட்டி, பள்ளிக்கூட வாத்தியாரம்மா மாதிரி பேசினாள். நடத்துநருக்கு ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் நகர மாட்டாள் என்பது புரிந்துவிட்டது. விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், கடைசியில் ஓட்டுநரிடம் போய், "உள்ள உட்ருண்ணா, பேஜாரா கீது" என்றார்.

பஸ் நிலையத்துக்குள்ளேயே போய் நின்றது. இறங்கிய ஒரு பெரியவர் என்னிடம், "தெனம் இந்தம்மாவ இட்டுக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கயல் பிலாரின் தோளில் சாய்ந்து சிரித்தாள். அந்த வாக்கியம் எனக்கும்தான் தெரியும். பாசஞ்சரில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சொல்ல வேண்டிய இடத்தில் நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன், அவள் சொன்னாள், என் பெண் அவள் தோளில் சாய்ந்தாள். மத்தியானம் பக்கத்து மெஸ்ஸில் வத்தக்குழம்பு நன்றாக இருந்தது என்று இருவரும் சொன்னார்கள். எனக்கு ருசியே தெரியவில்லை.

நடை திறக்கும் நேரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தோம். பம்பை ஆற்றுப் பாலம், கரும்பு, மறுபடியும் கரும்பு. கோயிலில் கூட்டமில்லை. பிலார் தூண்களைப் போட்டோ எடுத்தாள். நான் மெல்ல வட்டப்பாறை பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தேன். இந்தப் பாறைக்கு முன்னால் யாரும் பொய் சொல்வதில்லை என்று கயலுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அவள் பென்சில் பாக்ஸ் தொலைந்ததற்கே இங்கே கூட்டிவரச் சொல்லி அழுதவள். கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள். நான் அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டேன்.

"இங்க வெச்சிக் கேக்கறேன் கயலு. நல்லா இருக்கியா?"

அவள் வாயைத் திறந்தாள். அந்த வழக்கமான பதில் உதடு வரைக்கும் வந்தது, நான் பார்த்தேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. பாறையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிலார் பக்கம் திரும்பி, ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தாள்.

இங்கேயும் அவளிடம்தானா என்று எனக்குத் தலைக்கு ஏறியது. அப்புறம்தான் கவனித்தேன். கயல் மெதுவாகப் பேசினாள். எப்போதும் கடகடவென்று கொட்டுகிறவள், இப்போது ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். சின்னச் சின்ன வாக்கியம். ஆந்த்ரேஸ் என்னோடு இல்லை. ஆந்த்ரேஸுக்கு வேறொருத்தி இருக்கிறாள். நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன், பிலார். எனக்கு வெறுத்துவிட்டது. இனிமேல் என்னால் முடியாது.

நான் உங்கள் வீட்டில் இருக்கிறேன் என்று பிலாரிடமே எதற்குச் சொல்ல வேண்டும்? பிலாருக்குத் தெரியாததா? அவள் வீடு, அவள் பிள்ளை. பிலாரும் புரியாமல்தான் கயலைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. பெற்ற பெண் எனக்குச் சாடை பேசிக்கொண்டிருந்தாள். பூனையிடமும் ஆட்டுக்குட்டியிடமும் பேசுகிற மாதிரி, பிலாரிடம், ஸ்பானிஷில், என் பாடத்தில் இருக்கிற வார்த்தைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி.

நானும் பிலார் பக்கம் திரும்பினேன். எனக்கு வருகிற பாஷையில் பேசினேன்.

"கேளு பிலாரு. பெத்தவ வீடு ஒண்ணு திண்டிவனத்துல தெறந்தே கெடக்குது. அது கண்ணுக்குத் தெரியல சில பேருக்கு. கட்டிக்கினு போனவன் விட்டுட்டுப் போனா, அவன் ஆத்தா வீட்ல போயி ஒக்காந்துக்கினு, இங்க எனக்கு நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு போனு."

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. விளக்கேற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். கயலும் பிலாரைப் பார்த்தபடியே தமிழில் பதில் சொன்னாள்.

"அந்த வீட்டுக்கு வந்தா என்னா சொல்லுவாங்க தெரியுமா பிலார்? ஒரு வாரம் தோசை சுட்டுப் போடுவாங்க. அப்புறம், போனது போவட்டும், அனுசரிச்சிக்கினு போடி, ஊருல என்னா பேசுவாங்கன்னு ஆரம்பிப்பாங்க. நீங்க அப்படிச் சொல்லல. உங்க புள்ளையவே வாசப்படி ஏறாதன்னு சொன்னீங்க."

நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். நிற்கிற இடம் ஞாபகம் வந்தது. அனுசரித்துப் போ என்று நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று அந்தப் பாறைக்கு முன்னால் எப்படிச் சொல்வது? 

நடுவில் நின்ற பிலார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினாள். பேச்சு முழுக்க அவள் பெயர், ஒன்றும் விளங்கவில்லை. என்ன, என்ன என்று கயலின் முழங்கையைப் பிடித்துக் கேட்டாள். நானும் கயலும் ஒரே நேரத்தில் "நாதா" என்றோம். ஒன்றுமில்லை. பிலாரின் முகம் சுண்டிப்போனது. குயிலாப்பாளையத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குக் கண்ணாடி காட்டின மாதிரி இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெரிசல். கயல் என் மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாக உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியுமாம். என் போன் சமையல் மேடையில் கிடந்ததாம், இன்றைக்குப் பாடம் படிக்கவில்லையே என்று அது அவளுக்குத் தெரிகிற மாதிரி நினைவூட்டிக்கொண்டிருந்ததாம். எடுத்துப் பார்த்தால் அதிருப்திப் பாடம் மட்டும் முழுசாக முடிந்திருக்கிறது. வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. "களி பிடிக்காதுன்னு உனக்குக் கேக்கணும்னுதாம்மா சொன்னேன். எப்ப கேக்கப்போறன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு பிள்ளையின் புத்தகப் பை எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் இருந்தது.

பிறகு பிலாரைப் பற்றிச் சொன்னாள். பிரிந்த அன்று சாயங்காலமே பிலார் காரை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு கேள்வி கேட்காமல், துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக் கூட்டிப்போனாளாம். அந்தப் பொம்பளையை ஒரு வார்த்தை திட்ட முடியாதபடி நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். மகராசி கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த இரண்டு நாள் பெரிதாக எங்கும் போகவில்லை. மரக்காணத்தில் உப்பளம் பார்த்தோம், கடலோரம் வலை உலர்த்துகிற இடத்தில் பொடிமீன் வாங்கினோம். நான் வறுத்த மீனை பிலார் உப்பு அதிகம் என்றாள். கயலும் ஆமாம் என்றாள், தமிழில், என்னைப் பார்த்து. அதைக் கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நீ வந்து வறு என்று கரண்டியைக் கொடுத்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முதல் நாள் கயல், நான் கொஞ்ச நாள் இங்கே இருக்கிறேன் என்றாள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த கேள்வி வாயில் வந்துவிடும் என்று பயம். பிலார் தலையை ஆட்டினாள். தன் பெட்டியை மட்டும் கட்டினாள். கயலின் பெட்டி மூலையில் தனியாக நின்றது. பிலார் அதைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் அதன் கைப்பிடியை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனாள். எனக்குப் பெரிய வெற்றி. ஊருக்கே லட்டு கொடுக்கலாம் போல இருந்தது, ஆனால் அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

காலையில் விமான நிலையத்துக்குக் கார் வந்துவிட்டது. வழியில் தின்ன வேகவைத்த மல்லாட்டை கட்டி எடுத்துவரக் கயல் உள்ளே ஓடினாள். வாசலில் நானும் பிலாரும்தான். அவள் சட்டென்று தன் போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து ஸ்பானிஷில் என்னவோ சொன்னாள். போனைத் திருப்பிக் காட்டினாள். அது தமிழில் பேசியது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல்.

"அவள் விடியற்காலையில் அழுகிறாள். அப்பொழுது தயவுசெய்து எதுவும் கேட்காதீர்கள். அருகில் அமருங்கள்."

பிலார் மறுபடியும் பேசினாள். போன் மறுபடியும் வாசித்தது.

"பசி இல்லை என்று கூறுவாள். அது உண்மை அல்ல. தட்டினை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள்."

என் வயிறு எரிந்த எரிச்சலை என்னவென்று சொல்வது. நான் பெற்று, நான் சோறூட்டி, நான் தலைவாரிவிட்ட பெண். அவளுக்கு எப்போது பசிக்கும், எப்போது அழுவாள் என்று ஏழு கடல் தாண்டி வந்தவள் எனக்குச் சொல்கிறாள், அதையும் ஒரு யந்திரம் வாசிக்கிறது. அதைவிட எரிச்சல், அதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஓட்டுநர் ஆரன் அடித்தார். நேரமாகிறது, செங்கல்பட்டுக்கு மேல் வண்டி நகராது என்றார். பிலார் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பைக்குள் போடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். போனை வாங்கி என் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டேன்.

"இன்னும் சொல்லுங்க பிலார்" என்றேன். "வண்டி நிக்கட்டும்."